லிட்டரிலிருந்து கிலோவுக்கு

ஒரு லிட்டர் கடலை எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ‘1 லிட்டர்’ என்பதற்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்றோ, அதற்கு மிக நெருக்கமான ஓர் எண்ணோ அச்சாகியிருக்கும். ஒரே எண்ணெய்க்கு இரண்டு அளவுகள். லிட்டர் என்பது எண்ணெய் அடைத்துக்கொள்ளும் இடம், அதாவது பருமன். கிராம் என்பது உள்ளே இருக்கும் எண்ணெயின் நிறை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரே ஒரு பெருக்கல் போதும்:

நிறை = அடர்த்தி × பருமன்

கடலை எண்ணெயின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 0.91 கிராம். ஆயிரம் மில்லிலிட்டருக்கு 910 கிராம். ஐந்து லிட்டர் கேன் என்றால் நாலரை கிலோவுக்குச் சற்று மேல். கல்யாணத்துக்கு டின் கணக்கில் எண்ணெய் வாங்குகிறவர்கள், டின் 15 கிலோவா, 15 லிட்டரா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. 15 லிட்டர் டின்னில் இருப்பது 15 × 0.91 = 13.65 கிலோ. 15 கிலோ டின்னிலோ 15 ÷ 0.91 = 16.5 லிட்டர் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை லிட்டர் எண்ணெய் இருக்கிறது. விலையை ஒப்பிடும் முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

பெருக்கல் எல்லாருக்கும் வரும். பள்ளிக்கூடக் கணக்கில் அடர்த்தியை வினாவிலேயே கொடுத்துவிடுவார்கள். பெருக்கி விடையை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். வெளியே வந்தால் அந்த எண்ணை நாமே தேட வேண்டும். அது எந்த அலகில் இருக்கிறது, எந்த வெப்பநிலையில் அளந்தது, எந்தத் திரவத்துக்கானது என்று தெரியாமல் பெருக்கினால், பெருக்கல் சரியாகவே இருக்கும், விடை தப்பாகிவிடும். இந்த அத்தியாயம் அந்த ஓர் எண்ணைப் பற்றியது.

முதலில் அலகு. லிட்டருக்கு இத்தனை கிலோ, மில்லிலிட்டருக்கு இத்தனை கிராம், கன மீட்டருக்கு இத்தனை டன் என எப்படிச் சொன்னாலும் எண் மாறாது. தண்ணீருக்கு இந்த மூன்றிலும் ஏறக்குறைய 1. கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொன்னால் மட்டும் எண் ஆயிரம் மடங்காகும். பெட்ரோல் பங்கில் 745 என்று எழுதியிருப்பதும் லிட்டருக்கு 0.745 கிலோ என்பதும் ஒன்றே. தண்ணீரின் எண் 1 என்பதால் அதற்குக் கணக்கே தேவையில்லை. மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் அங்கே ஒரு டன் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் லாரியின் பன்னிரண்டாயிரம் லிட்டர் பன்னிரண்டு டன். மாடியில் இன்னொரு தொட்டி வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் தொட்டியின் விலையோடு இந்த எண்ணையும் கொத்தனாரிடம் சொல்ல வேண்டும்.

தண்ணீரின் 1 இன்னொரு வகையிலும் உதவும். தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்க்கெல்லாம் எண் 1-க்குக் கீழே. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் எதை எடுத்தாலும் சரி, கிலோவில் வரும் எண் லிட்டரில் உள்ள எண்ணைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். தண்ணீருக்கு அடியில் போய்ச் சேரும் திரவங்களுக்கு எண் 1-க்கு மேலே. கடல்நீர் 1.025, தேன் சுமார் 1.4, பாதரசம் 13.6. ஒரு லிட்டர் பாதரசம் பதின்மூன்றரைக் கிலோவுக்கு மேல். சின்ன பாட்டில்தானே என்று ஒரு கையால் தூக்கப் போனால் மணிக்கட்டு திணறிவிடும். மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் இந்த ஒரு பார்வையை யாரும் பார்க்காததால் 69 பேர் சென்ற ஒரு விமானம் நடுவானில் எரிபொருள் இன்றி நின்றது. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

அடர்த்தியை வீட்டிலேயே அளக்கலாம். சமையலறை மின்தராசு ஒன்றும், வாய் குறுகிய, மூடி இறுக்கமான ஒரு பாட்டிலும் இருந்தால் போதும். காலி பாட்டில் 22 கிராம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு தளும்பத் தண்ணீர் ஊற்றி, வெளியே ஒட்டிய ஈரத்தைத் துடைத்து நிறுத்தால் 527 கிராம். உள்ளே 505 கிராம் தண்ணீர் இருக்கிறது. அறையின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் என்றால் தண்ணீரின் அடர்த்தி 0.9957. பாட்டிலின் பருமன் 505 ÷ 0.9957 = 507.2 மில்லிலிட்டர். ‘500 மி.லி.’ என்று பாட்டிலில் அச்சிட்டிருப்பது அதில் நிரப்பி விற்கும் அளவு; தளும்ப நிரப்பினால் அதைவிடக் கூடுதலாகவே பிடிக்கும். இனி பாட்டிலை நன்றாகக் காயவைத்து, அதே விளிம்பு வரை எண்ணெய் ஊற்றி நிறுக்க வேண்டும். 485 கிராம் வந்தால் எண்ணெய் மட்டும் 463 கிராம். 463-ஐ 507.2-ஆல் வகுத்தால் 0.913.

ஆய்வகத்தில் இதையே கண்ணாடியில் செய்த அடர்த்திக் குப்பியில் செய்வார்கள். அதன் மூடியின் நடுவே மயிரிழைத் துளை ஒன்று இருக்கும். மூடியைச் செருகும்போது மிகுதித் திரவம் அந்தத் துளை வழியே வழிந்து வெளியேறும். அதனால் ஒவ்வொரு முறையும் உள்ளே நிற்கும் பருமன் மாறாது. வீட்டு பாட்டிலில் ‘தளும்ப’ என்பது நம் கண் சொல்வது. குப்பியில் அதைத் துளை சொல்லிவிடுகிறது. மூன்றாவது தசமத்தைத் துல்லியமாக்குவது அந்தச் சிறு துளைதான்.

இந்தச் சோதனையில் தண்ணீரை அளவுகோலாக வைத்துக்கொண்டோம். மெட்ரிக் முறையே அப்படித்தான் பிறந்தது. 1795-இல் பிரான்ஸ் கொண்டுவந்த சட்டம், உருகும் பனியின் வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் நிறையே ஒரு கிராம் என்றது. அதைச் செயலில் அளந்து காட்டும் பொறுப்பு லூயி லெஃபெவ்ர்-ழினோவுக்கும், இத்தாலியரான ஜோவான்னி ஃபப்ரோனிக்கும் வந்தது. உள்ளே கூடான ஒரு பித்தளை உருளையின் பரிமாணங்களை நுட்பமாக அளந்து, அதைக் காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்து, அது விலக்கிய தண்ணீரின் நிறையைக் கண்டார்கள். வேலையின் நடுவே வெப்பநிலையை மாற்றிக்கொண்டார்கள். தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது பனி உருகும் 0 டிகிரியில் இல்லை, அதற்குச் சற்று மேலே 4 டிகிரியில் என்பதால் அதையே பிடித்தார்கள். உச்சத்துக்கு அருகில் வெப்பநிலை இம்மி நகர்ந்தாலும் அடர்த்தி அசைவதில்லை. அளப்பவருக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. 1799-இல் அந்த அளவுப்படி பிளாட்டினத்தில் கிலோகிராம் செய்யப்பட்டது.

பின்னாளில் இன்னும் நுட்பமாக அளந்தபோது அந்தப் பிளாட்டினக் கட்டி துளி கூடுதல் என்று தெரிந்தது. ஒரு கிலோ தண்ணீர் 4 டிகிரியில் அடைக்கும் இடம், ஒரு கன டெசிமீட்டரைவிடப் பத்து லட்சத்தில் 28 பங்கு அதிகம். 1901 முதல் 1964 வரை உலகின் அதிகாரபூர்வ லிட்டர் இந்தச் சிறு மிகுதியையும் சேர்த்தே சுமந்தது. 1964-இல்தான் லிட்டர் மீண்டும் சரியாக ஒரு கன டெசிமீட்டர் ஆயிற்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் வெறும் பித்தளை உருளையையும் தராசையும் வைத்துக்கொண்டு அவ்வளவு அருகே போனவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

வெப்பநிலையைச் சொல்லாமல் அடர்த்தியைச் சொல்ல முடியாது என்பது அந்தக் கதையிலேயே வந்துவிட்டது. சூடானால் மூலக்கூறுகளின் ஆட்டம் கூடி, ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். பருமன் கூடும். மூலக்கூறுகளின் எண்ணிக்கை அப்படியே இருப்பதால் நிறை மாறாது. எனவே அடர்த்தி குறையும். தண்ணீரில் இது மெதுவாக நடக்கும்: 4 டிகிரியில் 1.0000 என்றால் 30 டிகிரியில் 0.9957, கொதிநிலையில் 0.958. எண்ணெயில் இன்னும் வேகம்.

எண்ணெய் பாக்கெட்டுகளில் இது காசுக் கணக்காகவே மாறியது. சில பாக்கெட்டுகளில் கிராம் எண்ணோடு ‘60 டிகிரி செல்சியஸில்’ என்றொரு குறிப்பும் அச்சாகிவந்தது. சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். 60 டிகிரிக் கணக்கில் நிரப்பிய ‘ஒரு லிட்டர்’ பாக்கெட்டில் 892.6 கிராம் இருந்தால் போதும், எழுதியது பொய்யாகாது. ஆனால் நம் சமையலறையில் 60 டிகிரி கிடையாது. மேலே உள்ள இரண்டு எண்களிலிருந்து, ஒரு டிகிரி கூடினால் அடர்த்தி 0.00068 குறைகிறது என்று கண்டுகொள்ளலாம். 30 டிகிரியில் அடர்த்தி 0.913. அந்த 892.6 கிராம் எண்ணெய் நம் வீட்டில் அடைக்கும் இடம் 892.6 ÷ 0.913 = 978 மில்லிலிட்டர். ஏறக்குறைய ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் வெப்பநிலைக்குள் மறைந்துபோகிறது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைச் சொல்லாமல் பருமனைக் குறிப்பிட வேண்டும், கூடவே நிறையையும் தர வேண்டும், இரண்டும் பொருந்த வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களை அறிவுறுத்தியது; அதற்கு 2023 ஜனவரி 15 வரை அவகாசமும் கொடுத்தது. அடர்த்தியும் வெப்பநிலையும் பிரிக்க முடியாதவை என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அந்த ஆணை தெளிவாகச் சொல்கிறது. ஆகவே பாக்கெட் வாங்கும்போது லிட்டரைப் பார்ப்பதைவிடக் கிராமைப் பார்ப்பதே சரி. கிராம் சூட்டுக்கு அசையாது.

பெட்ரோல் இன்னும் அதிகம் விரியும். பத்து டிகிரிக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. பன்னிரண்டாயிரம் லிட்டர் ஏற்றிய டேங்கர் லாரியில் எண்ணெய் ஆறு டிகிரி சூடேறினால், சொட்டுக்கூடச் சேர்க்காமல் கிட்டத்தட்ட எழுபது லிட்டர் ‘கூடிவிடும்’. நிறையில் மாற்றம் இருக்காது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் அடர்த்தியை எல்லாரும் ஒரே வெப்பநிலைக்கு, 15 டிகிரி செல்சியஸுக்கு, மாற்றிப் பேசுகிறார்கள். நம் சமவெளியில் பெட்ரோல் 15 டிகிரியில் கிடைக்கப்போவதில்லை. அதனால் பங்கில் ஒரு மாற்று அட்டவணை வைத்திருப்பார்கள்.

பங்கில் அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 500 மில்லிலிட்டர் கண்ணாடி ஜாடியில் பெட்ரோலைப் பிடித்து, அதில் திரவமானியை மெல்ல இறக்குவார்கள். அடியில் குண்டும் மேலே மெல்லிய காம்பும் கொண்ட கண்ணாடிக் குழாய் அது. திரவம் லேசானதாக இருந்தால் ஆழ இறங்கும், அடர்ந்ததாக இருந்தால் மேலே நிற்கும். ஜாடியின் சுவரில் ஒட்டாமல், ஆட்டம் அடங்கி நிற்க விட வேண்டும். காம்பைச் சுற்றித் திரவம் சற்று மேலேறி நிற்கும். அந்த வளைவை விட்டுவிட்டு, கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். அதே நேரத்தில் வெப்பமானியையும் படிக்க வேண்டும். காம்பில் 0.732 என்றும் வெப்பமானியில் 32 டிகிரி என்றும் இருந்தால், அட்டவணை அதை 15 டிகிரிக்கு மாற்றி ஏறத்தாழ 0.747 என்று சொல்லும். லாரியோடு வந்த சீட்டில் இருக்கும் எண்ணோடு அதை ஒப்பிட வேண்டும். கன மீட்டருக்கு 3 கிலோ, அதாவது 0.003 வரை வேறுபாடு இருக்கலாம். அதற்கு மேல் போனால் கேள்வி கேட்கலாம். இந்தியாவில் இப்போது விற்கும் பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரியில் 0.720-க்கும் 0.775-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது தரநிலை. மண்ணெண்ணெய் இதைவிட அடர்த்தியானது. கலந்தால் எண் ஏறும்.

காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போதே பெட்ரோல் போட்டால் லாபம் என்று பலர் நம்புகிறார்கள். கொள்கை அளவில் தப்பில்லை. ஆனால் பங்கின் தொட்டி தரைக்கடியில் புதைந்திருக்கிறது. அங்கே காலைக்கும் மத்தியானத்துக்கும் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. அலாரம் வைத்து எழுந்து போகும் அளவுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

பாலுக்கு வருவோம். பாலில் நீரைவிடக் கனமான புரதமும் சர்க்கரையும் உப்புகளும் கரைந்தும் கலந்தும் இருக்கின்றன. நீரைவிட லேசான கொழுப்பு சிறு துளிகளாக மிதக்கிறது. இரண்டும் சேர்ந்து பாலின் அடர்த்தி 1.027-இலிருந்து 1.032 வரை அமைகிறது. பால் சொசைட்டியில் லிட்டரில் அளந்ததைக் கிலோவாக்க 1.03-ஆல் பெருக்குவது அதனால்தான். நூறு லிட்டர் பால் 103 கிலோ. பாலுக்கான திரவமானியே பால்மானி; அதன் காம்பில் 28 என்றிருந்தால் அடர்த்தி 1.028 என்று பொருள். பால்மானியிலும் எந்த வெப்பநிலைக்கு அது அளவிடப்பட்டது என்று பொறித்திருக்கும். கறந்த சூட்டோடு அப்படியே அதில் விட்டால் எண் குறைவாகக் காட்டி, நல்ல பாலையே தண்ணீர்ப் பால் என்று சொல்லிவிடும்.

பத்து லிட்டர் பால், அடர்த்தி 1.030. நிறை 10.3 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்தால் பதினொரு லிட்டரும் 11.3 கிலோவும் ஆகும். 11.3 ÷ 11 = 1.027. பால்மானி முப்பதிலிருந்து இருபத்தேழுக்கு இறங்கிவிடும், கலப்படம் தெரிந்துவிடும். ஆனால் முதலில் அந்தப் பாலிலிருந்து 200 கிராம் கொழுப்பை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பால் கொழுப்பின் அடர்த்தி சுமார் 0.93, 200 கிராமுக்குப் பருமன் 215 மில்லிலிட்டர். மிச்சம் 9.785 லிட்டர், 10.1 கிலோ, அடர்த்தி 1.032 ஆக ஏறிவிடுகிறது. லேசான பகுதி போனதால் மீந்தது கனமாகிவிட்டது. இப்போது 700 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். 10.8 கிலோ, 10.485 லிட்டர். வகுத்தால் மறுபடியும் 1.030. வெண்ணெய் ஒரு பக்கம் போயிற்று, அரை லிட்டர் பால் ‘கூடியும்’ விட்டது, பால்மானியோ பழைய இடத்திலேயே நிற்கிறது.

அடர்த்தி என்பது ஒரே ஓர் எண். ஒன்றை எடுத்து மற்றொன்றைச் சேர்த்து அதே எண்ணுக்குத் திரும்பி வர வழி உண்டு. பால்மானியோடு கொழுப்பையும் தனியாக அளக்க வேண்டும் என்று பால் துறை வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. கந்தக அமிலத்தில் புரதத்தைக் கரைத்து, சுழற்றிக் கொழுப்பை மேலே பிரித்தெடுக்கும் ஜெர்பர் சோதனை அதற்காகத்தான். பால்மானியையும் கொழுப்புச் சோதனையையும் சேர்த்து ஏமாற்றுவது மிகக் கடினம்.

பாலும் தண்ணீரும் கலந்தபோது பருமன்களை அப்படியே கூட்டினோம். அங்கே அது சரி. எல்லாத் திரவங்களுக்கும் சரியாகாது. 50 மில்லிலிட்டர் தூய எத்தனாலையும் 50 மில்லிலிட்டர் தண்ணீரையும் கலந்தால் 100 வராது. 96, 97 மில்லிலிட்டர்தான் வரும். இரண்டு வகை மூலக்கூறுகளும் ஒன்றையொன்று இறுகப் பிடித்து, தனித்தனியாக இருந்ததைவிட நெருங்கி அடைந்துகொள்கின்றன. நிறை மட்டும் 39.5 + 49.9 = 89.4 கிராமாகச் சுத்தமாகக் கூடும். கலவையின் அடர்த்தியை இரண்டின் சராசரி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தவறிவிடும். அளந்தே ஆக வேண்டும். எதை எதோடு சேர்த்தாலும் நம்பிக் கூட்டக்கூடியது நிறை மட்டுமே. அதனால்தான் ஆலைகளிலும் ஆய்வகங்களிலும் லிட்டரில் வந்ததை உடனே கிலோவாக்கிக் கொள்கிறார்கள்.

விமானங்களும் அப்படியே. எஞ்சின் எரிப்பது எரிபொருளின் நிறையை. இறக்கை தூக்க வேண்டியதும் நிறையை. எரிபொருள் லாரியின் மீட்டரோ லிட்டரில் ஓடும். ஒவ்வொரு விமானத்துக்கும் யாராவது ஒருவர் லிட்டரைக் கிலோவாக்க வேண்டும்.

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் 143-ஆம் எண் விமானம், மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் போக வேண்டியது. போயிங் 767, அப்போது புத்தம் புது ரகம். பவுண்டிலும் கேலனிலும் பழகிய நிறுவனத்தில், கிலோகிராமில் கணக்கு வைத்த முதல் ரகமும் அதுதான். அன்று அதன் எரிபொருள் மீட்டர்கள் வேலை செய்யவில்லை. எனவே இறக்கைக்கு அடியிலிருந்து இழுத்துப் பார்க்கும் அளவுகோல் குச்சியால் ஆழத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அட்டவணையைப் பார்த்து லிட்டராக மாற்றினார்கள். தொட்டிகளில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ.

இனி வேண்டியது அந்தப் பெருக்கல்தான். எரிபொருள் நிரப்பியவர்களின் சீட்டில் 1.77 என்ற எண் இருந்தது. அது சரியான எண்ணே. ஆனால் லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கில். ஒரு கிலோ 2.2046 பவுண்டு. அன்றைய எரிபொருளின் அடர்த்தி லிட்டருக்கு 0.803 கிலோ, 0.803 × 2.2046 = 1.77. அலகைக் கேட்காமல் பெருக்கினார்கள்: 7,682 × 1.77 = 13,597. அதைக் கிலோ என்று எழுதிக்கொண்டார்கள். தேவையில் மீதம் 8,703 கிலோ. 1.77-ஆல் வகுத்து, 4,917 லிட்டர் ஏற்றினால் போதும் என்று முடிவுசெய்தார்கள்.

சரியான கணக்கில், இருந்தது 7,682 × 0.803 = 6,169 கிலோ. ஏற்ற வேண்டியது 16,131 கிலோ, அதாவது 20,088 லிட்டர். நாலில் ஒரு பங்குதான் ஏறியது. விமானம் கிளம்பியபோது தொட்டிகளில் இருந்தது பத்தாயிரம் கிலோவுக்குச் சற்று மேல். தேவையில் பாதிகூட இல்லை. விமானத்தின் கணினியில் கையால் 22,300 என்று பதிந்திருந்ததால் அது அந்த எண்ணிலிருந்தே கழித்துக்கொண்டு வந்தது. ஒட்டாவாவில் இறங்கியபோது மறுபடியும் குச்சியால் அளந்து சரிபார்த்தார்கள். அளவும் சரி, பெருக்கலும் சரி. பெருக்கிய எண் மட்டும் அதே தப்பான அலகில் இருந்தது. ஒரே தவறான எண்ணை வைத்து எத்தனை முறை சரிபார்த்தாலும் ஒவ்வொரு முறையும் ‘சரி’ என்றுதான் விடை வரும்.

அந்த 1.77-ஐ யாராவது ஒரு கணம் உற்றுப் பார்த்திருந்தால் போதும். லிட்டருக்கு 1.77 கிலோ என்றால் அந்த எண்ணெய் தேனைவிடக் கனம். தண்ணீரில் விட்டால் கல்லைப் போல் அடியில் போய்விடும். விமான எரிபொருள் என்பது சுத்திகரித்த மண்ணெண்ணெய் வகை. அது தண்ணீரில் மிதக்கும் என்பது மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். இன்னும் எளிதாக: 7,682 லிட்டர், 13,597 கிலோ. எண்ணெய்க்குக் கிலோ எண் லிட்டர் எண்ணைவிடப் பெரிதாக வரவே முடியாது. பெருக்கலைச் சரிபார்க்காமலே, இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பிழை தெரிந்திருக்கும்.

41,000 அடி உயரத்தில், ஒன்டாரியோவின் ரெட் லேக் பகுதிக்கு மேலே, எரிபொருள் அழுத்தம் குறைவதாக எச்சரிக்கை ஒலித்தது. வின்னிபெக்குக்குத் திரும்ப முடிவெடுத்தார்கள். சற்று நேரத்தில் ஓர் எஞ்சின் நின்றது, பிறகு மற்றதும். மின்சாரம் எஞ்சினிலிருந்து வந்துகொண்டிருந்ததால் விமானி அறையின் திரைகள் பெரும்பாலும் இருண்டன. காற்றில் சுழலும் ஒரு சிறு விசிறி வெளியே இறங்கி, கட்டுப்பாட்டுப் பாகங்களை அசைக்கத் தேவையான அழுத்தத்தை மட்டும் தந்தது. கேப்டன் ராபர்ட் பியர்சனுக்கு எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டிய அனுபவம் இருந்தது. துணை விமானி மோரிஸ் குவின்டல் உயரத்தையும் தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, வின்னிபெக் எட்டாது என்றார். தாம் விமானப்படையில் பணியாற்றிய ஜிம்லி என்ற பழைய தளத்தைச் சொன்னார். அதன் ஓடுபாதையின் ஒரு பகுதி கார்ப் பந்தயத் தடமாகிவிட்டது அவருக்குத் தெரியாது. அன்று அங்கே பந்தயக் குழுவின் குடும்ப விழாவும் நடந்துகொண்டிருந்தது. பியர்சன் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து உயரத்தைக் கரைத்து, சின்ன கிளைடரை இறக்குவதுபோல் அந்தப் பெரிய விமானத்தை இறக்கினார். முன்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மடங்கி, மூக்கு தரையில் உரசி நின்றது. எஞ்சின்கள் நின்று பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. 61 பயணிகளும் 8 பணியாளர்களும் உயிர் பிழைத்தார்கள். சிலருக்குச் சிறு காயங்கள் மட்டும். அந்த விமானத்தைப் பழுது பார்த்து 2008 வரை ஓட்டினார்கள்.

நீதிபதி ஜார்ஜ் லாக்வுட் தலைமையில் நடந்த விசாரணை வெறும் பெருக்கல் பிழையோடு நிற்கவில்லை. முன்பு இருந்த விமானங்களில் எரிபொருள் கணக்குப் போடுவது விமானப் பொறியாளரின் வேலை. இரண்டே விமானிகள் ஓட்டும் 767-இல் அந்த இருக்கையே இல்லை. மீட்டர் பழுதான நாளில் கணக்கு யாருடைய பொறுப்பு என்பதை நிறுவனம் தெளிவாக வரையறுக்கவும் இல்லை. அலகு மாறுகிற காலத்தில் ஆட்களும் மாறியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில் 1.77 புகுந்துகொண்டது. அந்த ஒரு நாளில் தவறு செய்தவர்களை மட்டும் குறைசொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. அலகில்லாமல் ஓர் எண்ணை ஒரு சீட்டில் எழுதி இன்னொருவர் கையில் கொடுக்கும் பழக்கமே முதல் குற்றவாளி.

இன்று எரிபொருள் ஏற்றி முடித்ததும் விமானிக்கு வரும் சீட்டில் லிட்டரோடு அன்றைய அடர்த்தியும் அலகோடு இருக்கும். ஜெட் ஏ-1 எரிபொருளின் அடர்த்தி 15 டிகிரியில் 0.775-இலிருந்து 0.840 வரை எங்கேயும் இருக்கலாம் என்று தரநிலை விட்டுவைத்திருக்கிறது. 20,000 லிட்டர் ஏற்றினால் ஒரு முனையில் 15,500 கிலோ, மறுமுனையில் 16,800 கிலோ. 1,300 கிலோ வேறுபாடு. எனவே விமானி சீட்டிலுள்ள லிட்டரை அன்றைய அடர்த்தியால் பெருக்குகிறார். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் விமானத்தின் மீட்டர் கிலோவில் காட்டிய எண்களின் வித்தியாசத்தோடு அதை ஒப்பிடுகிறார். லிட்டர் லாரியின் மீட்டரிலிருந்து வருகிறது, கிலோ விமானத் தொட்டிக்குள் இருக்கும் உணரிகளிலிருந்து வருகிறது. ஒன்றின் பிழை மற்றொன்றில் ஒட்டாது. இரண்டும் அனுமதித்த அளவுக்குள் பொருந்தவில்லை என்றால், காரணம் தெரியும்வரை விமானம் கிளம்பாது.